எல்மினா மீன்துறைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தென்கரையில் இருக்கிறது எல்மினா. வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் அங்குள்ள பழைய கோட்டையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மேல்மாடத்திலிருந்து வண்ண வள்ளங்களைப் படம் எடுத்துக்கொண்டு, கீழே இறங்காமலே திரும்பிவிடுகிறார்கள். அந்த வள்ளங்களில்தான் ஊரே பிழைக்கிறது. கீழே இறங்கிப் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதியது இது.

எல்மினா எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

தலைநகர் அக்ராவிலிருந்து மேற்கே சுமார் 150 கிலோமீட்டர். கேப் கோஸ்ட் என்ற நகரத்தைத் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் வந்துவிடும். உள்ளூர் மக்கள் எடினா என்பார்கள். பேசுவது ஃபாண்டே மொழி. பள்ளிக்குப் போனவர்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் அதை வைத்துச் சமாளித்துவிடலாம்.

அக்ராவில் கனேஷி நிலையத்திலிருந்து கேப் கோஸ்டுக்கு ட்ரோட்ரோ எனப்படும் வேன்கள் போகின்றன. ஆள் நிறைந்த பிறகுதான் கிளம்பும். வழியில் கசோவா நெரிசலில் மாட்டினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. மூன்று மணி நேரப் பயணத்துக்கு நான்கரை மணி நேரம் ஒதுக்குங்கள். கேப் கோஸ்டிலிருந்து ஷேர் டாக்சி எளிதாகக் கிடைக்கும்.

சென்னையிலிருந்து அக்ராவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய் அல்லது அடிஸ் அபாபா வழியாகப் போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம்.

ஊசி ஏதாவது போட வேண்டுமா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். கானாவுக்குள் நுழையும்போது சான்றிதழைக் கேட்பார்கள். அதைவிட முக்கியமான விஷயம், திரும்பி வரும்போது இந்தியாவிலும் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள். கானா கடற்கரையில் மலேரியா ஆண்டு முழுக்க உண்டு.

எந்தக் கிழமை போகலாம்?

போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். செவ்வாய்க்கிழமை எல்மினாவில் யாரும் கடலுக்குப் போவதில்லை. கடல் தெய்வமான பொசொம்போவுக்கு உரிய நாள் அது, அன்று கடல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது வழிவழி வந்த கட்டுப்பாடு. ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போகிற கிறிஸ்தவ மீனவர்களும் இதை மீறுவதில்லை. மீறினால் மீனவர் தலைவர் விசாரித்து அபராதம் போடுவார். அந்தப் பதவிக்கு அபோஃபோஹெனே என்று பெயர். கேப் கோஸ்டிலும் அக்ரா கரையிலும் இதே செவ்வாய்தான். இன்னும் மேற்கே ன்சிமா மக்கள் பகுதியில் வியாழன்.

எனவே மீன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் செவ்வாயை விட்டுவிடுங்கள். ஆனால் மனிதர்களோடு உட்கார்ந்து பேச வேண்டுமானால் செவ்வாயைவிட நல்ல நாள் கிடையாது. வள்ளங்கள் எல்லாம் கரையில் நிற்கும். ஆண்கள் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். மற்ற நாட்களில் பதில் சொல்ல நேரமில்லாதவர்கள் அன்றைக்குத் தாங்களே கூப்பிட்டுப் பேசுவார்கள். முடிந்தால் திங்கள், செவ்வாய் இரண்டும் தங்குங்கள்.

எந்த மாதம்?

ஜூலை முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலே எழும்பி வருகிறது. அதோடு சத்தும் மேலே வர, சாளை இனத்து மீன்கள் கூட்டமாகக் கரைப்பக்கம் வரும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் இன்னொரு சிறிய பருவம் உண்டு. மே, ஜூனில் நல்ல மழை.

ஜூலை மாதத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருப்பதுபோல் கானாவிலும் தடைக்காலம் உண்டு. இங்கே அது விசைப்படகுகளுக்கு மட்டும், நாட்டுப்படகுகள் போகலாம். அங்கே 2019-ல் வள்ளங்களையும் சேர்த்துத் தடை போட்டார்கள், பிறகு பல ஆண்டுகள் ஜூலை முழுக்க வள்ளங்களும் கரையில் நின்றன. 2025-ல் வள்ளங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு மாறக்கூடும் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் அந்த ஆண்டு நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஜூலை மாதத்தின் முதல் செவ்வாயன்று பகாட்டுவே என்ற திருவிழா. பென்யா காயலில் சில வாரங்களாக மீன்பிடிக்காமல் விட்டு வைத்திருப்பார்கள். அன்று காயல் தெய்வத்துக்கு மசித்த கிழங்கும் முட்டையும் படைத்து, மூன்று முறை வலை வீசித் தடையை நீக்குவார்கள். பல்லக்கில் தலைவர்கள் வருவார்கள், அலங்கரித்த வள்ளங்கள் காயலில் போகும். பார்க்க வேண்டிய நாள்தான். ஆனால் அன்று ஊர் விழாக்கோலத்தில் இருக்கும், வேலை நடக்காது.

காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும்? என்ன பார்க்கலாம்?

விடிந்ததும் போங்கள். இரவு போன வள்ளங்கள் காலையில் திரும்பும். பென்யா காயல் கடலில் சேருமிடத்தில் பாலம் இருக்கிறது. பாலத்துக்கு ஒருபுறம் மீன் சந்தை, அதை ஒட்டியே கோட்டைச் சுவர். வள்ளங்கள் பாலத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நெருக்கிக்கொண்டு நிற்கும்.

வள்ளம் என்றால் சின்னதாகக் கற்பனை செய்யாதீர்கள். வாவா என்ற காட்டு மரத்தின் ஒற்றைத் தண்டைக் குடைந்து செய்தது அது. உள்நாட்டுக் காடுகளில் மரத்தை வெட்டி, அங்கேயே உருவம் கொடுத்து, லாரியில் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு பக்கங்களில் பலகை அடித்து உயர்த்துவார்கள். பெரிய வள்ளத்தில் இருபது பேர் போகலாம். சுருக்குமடி வலையும் நாற்பது குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினும் இருக்கும். காடு குறைந்ததால் அந்த அளவு மரம் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கடினமாகி வருகிறது.

பலகைகளில் வண்ணம் தீட்டி, பைபிள் வசனமோ பழமொழியோ எழுதியிருப்பார்கள். ‘சீ நெவர் டிரை’ என்ற வாசகத்தைக் கானா கரை நெடுக வள்ளங்களில் பார்க்கலாம். கால்பந்து அணிகளின் கொடிகளும் வெளிநாட்டுக் கொடிகளும் பறக்கும். உங்களுக்குப் பேச்சு தொடங்க வழி தெரியவில்லையென்றால் வள்ளத்தின் பெயரைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பெயரை வைத்தவர் அதற்கான காரணத்தைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

எல்லா வள்ளமும் ஒரே தொழில் செய்வதில்லை. சுருக்குமடிக்காரர்கள் சாளையும் நெத்திலியும் கொண்டுவருவார்கள். தூண்டில்காரர்கள் பெரிய ஐஸ் பெட்டியோடு போய்ச் சில நாள் கடலிலேயே தங்கி, சங்கரா, சீலா போன்ற விலை மீன்களோடு வருவார்கள். ஊருக்கு வெளியே மணல் கரையில் கரைவலை இழுப்பதையும் பார்க்கலாம். அங்கே கயிற்றைப் பிடிக்க நீங்கள் கை கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. காயல் ஓரத்தில் மரப்படகு கட்டும் இடமும் இருக்கிறது. அதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சந்தையில் பெண்கள்தான் அதிகம் தெரிகிறார்கள். அவர்கள் வெறும் விற்பனையாளர்களா?

இல்லை. எல்மினாவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் வள்ளங்களைவிட இவர்களை அதிக நேரம் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடலுக்குப் போவது ஆண்கள், மீன் கரையைத் தொட்டதும் அது பெண்களின் கைக்கு வந்துவிடும். பல வள்ளங்களின் எரிபொருளுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுப்பவர்களே இந்த வியாபாரிப் பெண்கள்தான். முன்பணம் கொடுத்தவருக்குத்தான் அந்த வள்ளம் கொண்டுவரும் மீனில் முதல் உரிமை. சொந்தமாக வள்ளம் வைத்திருக்கும் பெண்களும் உண்டு. வியாபாரிப் பெண்களுக்கு ஒரு தலைவி இருப்பார், அவரைக் கொங்கோஹெமா என்பார்கள். அன்றைக்கு முதலில் வந்த வள்ளத்தாரோடு விலை பேசி முடிவு செய்வதும், சண்டை வந்தால் தீர்ப்பதும் அவர் பொறுப்பாக இருந்து வந்திருக்கிறது. மீனை எடை போடுவதில்லை, பெரிய அலுமினியச் சட்டிதான் அளவு.

பங்கு பிரிப்பதும் ஒழுங்காக நடக்கும். எரிபொருள், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகு வள்ளம், வலை, எஞ்சின் வைத்திருப்பவருக்கு ஒரு பாகம், மிச்சம் உழைத்தவர்களுக்கு. அது தவிர வீட்டுக் குழம்புக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் மீன் உண்டு. மீன் சரியாகக் கிடைக்காத நாளில் அந்தக் குழம்பு மீன் மட்டும்தான் கூலி. செலவுக்கே கட்டாத நாளில் முன்பணம் கொடுத்த பெண்ணின் காசும் கடலோடு போகும். அவர் அடுத்த முறையும் கொடுத்தால்தான் வள்ளம் கிளம்பும். கரையில் அவர்கள் குரலை உயர்த்திப் பேரம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

விற்றது போக மீதி மீன் புகைப்போட வீட்டு முற்றங்களுக்குப் போகும். களிமண் அடுப்பின் மேல் கம்பி வலை அடித்த மரத்தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அதற்குச் சோர்கோர் அடுப்பு என்று பெயர். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்ராவின் சோர்கோர் மீனவர் குப்பத்துப் பெண்களோடு சேர்ந்து, கானாவின் உணவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் வடிவமைத்தது. பழைய உருளை அடுப்பைவிட விறகு குறைவு, ஒரே நேரத்தில் நிறைய மீன் போடலாம். பிறகு மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. ஆனாலும் முற்றத்தில் புகை புகைதான், கண்ணும் நெஞ்சும் எரியும். அதற்குள் நாள் முழுக்க நிற்கிறவர்களின் உழைப்பால்தான் உள்நாட்டில் குமாசி சந்தை வரை புகைமீன் போய்ச் சேருகிறது.

படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுத்தால் திட்டு நிச்சயம், நியாயமும் அவர்கள் பக்கம்தான். எடை தூக்கிக்கொண்டு, ஈர உடையில் வேலை செய்கிறவர்களை யாரோ தினமும் கோட்டை மேலிருந்து படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்கள் எங்கே போகின்றன என்று அவர்களுக்குத் தெரியாது.

முதலில் வணக்கம் சொல்லுங்கள். கூட்டமாக உட்கார்ந்திருந்தால் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஒவ்வொருவருக்கும் சொல்வது வழக்கம். இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ சைகை காட்டவோ கூடாது. நம்மவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் கொஞ்சம் மீன் வாங்குங்கள், பேசுங்கள், அதன் பிறகு கேமராவைக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகளைப் படம் எடுக்க அம்மாவிடம் கேட்க வேண்டும், குழந்தை தலையாட்டினால் மட்டும் போதாது.

ட்ரோன் பறக்கவிட கானா விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். பல நாள் தங்கி வீடியோ எடுக்கிற திட்டம் இருந்தால் முதலில் மீனவர் தலைவரைப் போய்ப் பாருங்கள். தலைவர்களைப் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் மது கொண்டுபோவது அந்த நாட்டு முறை.

‘ஒப்ரோனி’ என்று குழந்தைகள் கத்துகிறார்களே?

வெளிநாட்டவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கையை ஆட்டிச் சிரித்தால் போதும், அதில் கேலி எதுவும் இல்லை.

பணம் கேட்டு யாராவது தொந்தரவு செய்வார்களா?

கோட்டை வாசலில் சில இளைஞர்கள் அன்பாகப் பேசிப் பெயரைக் கேட்பார்கள். நீங்கள் உள்ளே போய்விட்டு வருவதற்குள் ஒரு சிப்பியில் உங்கள் பெயரை எழுதி நீட்டுவார்கள், அதற்குக் காசு. வேண்டாம் என்றால் ஆரம்பத்திலேயே பெயர் சொல்லாமல் பணிவாக நகர்ந்துவிடுங்கள். பள்ளிக்கு நன்கொடை என்று நோட்டுப் புத்தகம் நீட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

மீன்துறைக்குள் இந்தத் தொல்லை குறைவு. அங்கே எல்லோருக்கும் வேலை இருக்கிறது. சுற்றிக்காட்ட ஒரு உள்ளூர்க்காரரை வைத்துக்கொள்வது நல்லது, கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். சின்னத் தொகை நோட்டுகள் கையில் இருக்கட்டும், கானாவின் பணத்துக்குச் ‘செடி’ என்று பெயர். கரையில் கார்டு செல்லாது.

வள்ளத்தில் கடலுக்குக் கூட்டிப்போவார்களா?

கேட்டால் யாராவது ஒத்துக்கொள்ளலாம். நான் வேண்டாம் என்றே சொல்வேன். பெரும்பாலும் லைஃப் ஜாக்கெட் இருக்காது. ஒரு முறை போனால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், நடுவில் திரும்ப முடியாது. வேலை தெரியாத ஒருவர் வலை ஓடும்போது நடுவில் நிற்பது அவர்களுக்கும் ஆபத்து. பெண்கள் கடலுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடலில் குளிப்பதிலும் கவனம் வேண்டும். அலை வலியது, உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. நல்ல நீச்சல்காரர்களையும் கொண்டுபோய்விடும்.

மீன் குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை. ஏழைகளின் மீனான சாளையின் வரத்து 1990-களில் இருந்த அளவில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. வள்ளங்களும் வலைகளும் அதிகமானது ஒரு காரணம். வெளிச்சம் காட்டிப் பிடிப்பது, வெடி போடுவது போன்ற சட்டவிரோத முறைகள் வள்ளக்காரர்களிடமும் உண்டு, இதை அவர்களே ஒத்துக்கொள்வார்கள். ஆனால் எல்மினாவில் நின்று பேசினால் ‘சைகோ’ என்ற சொல் காதில் விழாமல் இருக்காது.

கானா கொடியோடு, பெரும்பாலும் சீன முதலீட்டில் ஓடும் இழுவைக் கப்பல்கள் கடலடியில் வாழும் மீனைப் பிடிக்க உரிமம் பெற்றவை. அவை வள்ளக்காரர்களுக்கு உரிய சாளையையும் குஞ்சு மீனையும் சேர்த்து அள்ளி, பாளம் பாளமாக உறையவைத்து, நடுக்கடலில் வள்ளங்களுக்கு விற்கும். அந்த வள்ளங்கள் கரைக்குக் கொண்டுவந்து மறுபடி விற்கும். இதுதான் சைகோ. சட்டப்படி குற்றம். ஆனால் பல ஆண்டுகள் வெளிப்படையாகவே நடந்தது, அதன் முக்கியச் சந்தையாக இருந்ததே எல்மினாதான். தன் கடலில் தனக்கு வந்திருக்க வேண்டிய மீனை மீனவர் காசு கொடுத்து வாங்கும் நிலை அது. இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டவிரோத மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தவில்லை என்று கானாவுக்கு இரண்டாம் முறையாக மஞ்சள் அட்டை காட்டியது, அதாவது அதிகாரபூர்வமாக எச்சரித்தது. 2025-ல் வந்த புதிய சட்டம் சிறுதொழில் மீனவர்களுக்கான கரையோரப் பகுதியை 6 கடல் மைலிலிருந்து 12 ஆக்கியிருக்கிறது.

இதைப் பற்றிக் கேட்பதானால் பழகிய பிறகு கேளுங்கள். சைகோவில் பிழைத்தவர்களும் அதே சந்தையில்தான் நிற்கிறார்கள்.

கோட்டையையும் பார்க்க வேண்டுமா?

பார்க்காமல் வரக் கூடாது. 1482-ல் போர்த்துகீசியர் தங்க வியாபாரத்துக்காகக் கட்டத் தொடங்கியது. சகாராவுக்குத் தெற்கே இன்றும் நிற்கும் ஐரோப்பியக் கட்டடங்களில் மிகப் பழையது. எதிரே இருக்கும் குன்றில் பீரங்கியை ஏற்றிச் சுட்டு 1637-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிறகு அதே வழியில் தங்களை யாரும் பிடிக்கக் கூடாது என்று அந்தக் குன்றிலும் ஒரு சிறு கோட்டை கட்டினார்கள். 1872-ல் பிரிட்டிஷ்காரர்கள் கைக்குப் போனது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எத்தனையோ ஆயிரம் ஆப்பிரிக்கர்களை இருட்டறைகளில் அடைத்துவைத்து, கடைசியில் ஒரு குறுகிய வாசல் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்பினார்கள். பெண்களை அடைத்த முற்றத்தையும், அதற்கு மேலே ஆளுநர் நின்று பார்க்கும் மாடத்தையும் காட்டுவார்கள். 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

கோட்டைக்கும் மீன் சந்தைக்கும் தனித்தனி நாள் ஒதுக்குவதே நல்லது. இருட்டறையிலிருந்து வெளியே வந்த உடனே பேரம் பேசும் மனநிலை வராது. நகரத்துக்குள் பழைய வீரர் படைப்பிரிவுகளின் நினைவுக் கோயில்களும் இருக்கின்றன, போசுபான் என்பார்கள். ஒன்று கப்பல் வடிவில், மாலுமிகளின் சிலைகளோடு நிற்கிறது.

சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?

ஃபாண்டே கெங்கியும் வறுத்த மீனும் சாப்பிடுங்கள். புளித்த மக்காச்சோள மாவை வாழையிலைச் சருகில் பொதிந்து வேகவைத்தது கெங்கி. அரைத்த மிளகாய், தக்காளி, வெங்காயத்தோடு தருவார்கள். நம் நாக்குக்கு அந்தப் புளிப்பும் காரமும் உடனே ஒத்துப்போகும். செம்பனை எண்ணெயில் அன்றைய மீனைப் போட்டு வைக்கும் ‘ஃபாண்டே ஃபாண்டே’ என்ற குழம்பு இந்தக் கரைக்கே உரியது.

சைவக்காரர்களுக்குக் காராமணிக் குழம்பும் வறுத்த நேந்திரமும் சேர்ந்த ‘ரெட் ரெட்’ இருக்கிறது. ஆனால் புகைமீன் தூள் போடாத குழம்பு அபூர்வம், ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதி செய்யுங்கள். சுற்றியெல்லாம் மீன் வாடை என்பதையும் மனதில் வைத்துக் கிளம்புங்கள்.

எனக்கு அரை நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கேப் கோஸ்டில் இரவு தங்கி, விடியும்போது எல்மினா பாலத்தில் இருங்கள். மழமழவென்று ஈரமான கல், மீன் செதில், கயிறு எல்லாம் காலடியில் இருக்கும், அதனால் பிடிப்புள்ள செருப்பு போடுங்கள். விரித்த வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். தலையில் சட்டியோடு வருகிறவர்களுக்கு வழி விடுங்கள், அவர்களால் சட்டென்று நிற்க முடியாது. மீன் இறங்கி ஓய்ந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல், வியாபாரிப் பெண்களில் யாருக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறதோ அவரிடம் மீன் வாங்கி, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கொடுத்து வறுக்கச் சொல்லலாம். அது தயாராவதற்குள் எதிர்க் குன்றின் மேல் ஏறினால் காயல், பாலம், வள்ளங்கள், கடல் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.